வயது பத்தாத நூற்று நாற்பத்தாறு பேர்

"கடைசித் தேதியை ஒரு வாரம் தள்ளிப் போடுங்க மேடம்," என்றாள் மமதா.

மேஜை நடுவே ஸ்பீக்கரில் கிடந்தது ஃபோன். எதிரே இருந்த முதலாளி ரகுராம் பாய்ந்து மியூட் பொத்தானை அமுக்கினார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் சொல்லி வைத்தது அதுதான்: க்ளையண்ட் குறித்த தேதியைத் தள்ளச் சொல்லி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் தப்பு நம்முடையது என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி.

"நான் என்ன சொல்லி வெச்சிருக்கேன், நீ என்ன பண்றே?"

"ஞாபகம் இருக்குது சார். தப்பு நம்மளுதுதானே."

சொல்லி முடித்ததும் அவளுக்குப் பாரம் பாதி குறைந்திருந்தது.

மல்லேஸ்வரத்தில், ஒரு காபிப்பொடிக் கடைக்கு மேல்மாடியில், ஏழு பேர் வேலை பார்க்கும் கம்பெனி அது. ஒரு டிரஸ்ட் நடத்தும் நர்சிங் பள்ளிக்கு இணையத்தில் விண்ணப்பப் படிவம் செய்து கொடுத்திருந்தார்கள். ஜூலை முப்பத்தொன்றுக்குள் பதினேழு வயது முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. பெயர், ஃபோன் எண்ணோடு பிறந்த தேதியை அடித்தால் படிவத்துக்குள் இருக்கும் புரோகிராம் வயதைக் கணக்குப் போடும். பத்தாவிட்டால் சிவப்பு எழுத்தில் ஒரு வரி காட்டி அங்கேயே அனுப்பிவிடும்.

மமதா முதலில் நாள், மாதம், வருஷம் என்று மூன்று கட்டங்கள் வைத்திருந்தாள். "ரேஷன் ஆபீஸ் ஃபார்ம் மாதிரி இருக்கு" என்று ரகுராம் அதை எடுத்துவிட்டு ஒரே கட்டமாக்கி, எங்கிருந்தோ எடுத்த ரெடிமேட் புரோகிராம் ஒன்றைச் செருகினார். அது வெளிநாட்டு வழக்கப்படி மாதத்தை முதலில் படிக்கிற புரோகிராம். 10/05 என்று அடித்தால் அதற்கு அக்டோபர் ஐந்து. 25/05 என்று அடித்தால் இருபத்தைந்தாம் மாதம் கிடையாதே என்று தானாகவே திருத்திக்கொண்டு மே இருபத்தைந்து என்று ஒழுங்காக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. சோதித்துப் பார்த்தவர்கள் எல்லாரும் அவரவர் பிறந்த நாளை அடித்தார்கள். இருபத்து மூன்று, பதினைந்து, இருபத்தொன்பது. மமதாவுடையது பன்னிரண்டு, ஆறு. அன்றைக்கு அவள் லீவு.

இன்று காலை, படிவத்தின் அடியில் போட்டிருந்த எண்ணுக்கு, ஊருக்கு வெளியே அத்திபெலேயிலிருந்து தனக்கோடி என்று ஒருவர் கூப்பிட்டார்; மமதா எடுத்தாள். அங்கே ஒரு கம்பெனியில் வாட்ச்மேன்.

"இன்னாமா இது, எம் பொண்ணுக்கு மே மாசமே பதினேழு முடிஞ்சிச்சி. வயசு பத்தலன்னு காட்டுது. மூணு வாட்டி அடிச்சுப் பாத்துட்டா. நேத்துலர்ந்து சோறு திங்கல."

"தேதி சொல்லுங்கண்ணா."

"பத்து, அஞ்சு, ரெண்டாயிரத்தெட்டு. ஹெட்மாஸ்டர் போட்டதுதான். ஆனா போட்டது போட்டதுதானே, கார்டுல அதான இருக்குது."

அவள் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். இப்படித் தவறாகத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நூற்று நாற்பத்தாறு பேர். அதில் நூற்று ஒன்பது பேருடையது மே, ஜூன். ஏன் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், ஹெட்மாஸ்டர் பள்ளி திறக்கும் நாளிலிருந்து பின்னால் எண்ணி, வயது சரியாக வருகிற மாதிரி ஒரு தேதி எழுதிவிடுவார். அவளுக்கும் அப்படி எழுதியதுதான்.

ரகுராமிடம் போய்ச் சொன்னாள்.

"சத்தம் போடாம சரி பண்ணிடு," என்றார். "நாளைக்கு எப்படியும் க்ளோஸ் ஆயிடும்."

"திரும்பிப் போனவங்க?"

"அந்த மாதிரி ஜனங்க திரும்பி வந்து கேக்க மாட்டாம்மா. வேற எங்கேயாவது சேந்துடுவா."

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கு என்கிற குரலில் சொன்னார். அதுதான் அவளுக்கு எரிந்தது. இடத்துக்குத் திரும்பி, இருபதே நிமிஷத்தில் மூன்று கட்டங்களையும் திரும்ப வைத்தாள். பிப்ரவரி முப்பத்தொன்று அடித்தாள், முடியாது என்றது. பத்து, ஐந்து அடித்தாள், மே என்றது. அப்புறம் ஒரு மெயில் எழுதி அனுப்பிவிட்டு, டிரஸ்ட்டோடு வழக்கமாகப் பேசும் இரண்டு மணிக்காகக் காத்திருந்தாள்.

இப்போது, ரகுராம் மியூட் செய்திருந்த ஃபோன் கரகரத்தது. டிரஸ்ட்டின் செயலாளர் சுப்புலக்ஷ்மி, அரசு வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர்.

"ரகுராம், வாயைக் கட்டிட்டேளா? அந்தப் பொண்ணு பேசட்டும்."

மமதா மியூட்டை எடுத்துவிட்டு ஒன்று விடாமல் சொன்னாள். மறுமுனையில் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"அப்படின்னா வயசாகாதவாளும் உள்ள வந்திருக்கணுமே."

"முப்பத்தோரு பேர் மேடம். அந்த லிஸ்டும் கையில இருக்குது."

ரகுராம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அதுல நிருபமான்னு யாராவது இருக்காளா பாரு. அஞ்சு, பத்து, ரெண்டாயிரத்தெட்டு. என் அண்ணா பேத்தி."

பார்த்தாள். இருந்தது. ஒரு விநாடி மென்று விழுங்கத் தோன்றியது. "இருக்காங்க மேடம்."

அந்தப் பக்கம் மறுபடி பேனா ஓடியது. ஒரு வார்த்தை சாதகமாகச் சொல்லியிருந்தால் நூற்று நாற்பத்தாறு பேருக்கும் கதவு திறந்திருக்குமோ என்னவோ என்று நினைத்துக்கொண்டாள்.

"வயசு பத்தாதே, எப்படி எடுத்துண்டதுன்னு நான் கேட்டேன்," என்றார் சுப்புலக்ஷ்மி கடைசியில். "பெருமாள் அனுக்கிரகம்னான் அண்ணா. உங்க ஆபீஸ் அனுக்கிரகமா அது?" சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. "அவ அடுத்த வருஷம் போடட்டும். ஒரு வாரம் தரேன். திருப்பி அனுப்பின அத்தனை பேரையும் நீங்களே ஃபோன்ல கூப்பிட்டுச் சொல்லணும். மெசேஜ் எல்லாம் வேண்டாம்."

ஏழு பேரும் ஆளுக்கு இருபது, இருபத்தொன்று என்று எண்களைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தனக்கோடியை மமதாவே கூப்பிட்டாள். "இரும்மா," என்றவர் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலேயே வீட்டுக்குள் பார்த்துக் கத்தினார், "ஏய், எந்திரிச்சு சோத்தைத் தின்னு." ஆறு மணிக்கு ரகுராம் தன் பட்டியலின் கடைசிப் பெயரை அடித்துவிட்டு நிமிர்ந்தார். அவர் முகமும் லேசாகியிருந்தது.

"தப்பிச்சோம். கான்ட்ராக்ட் போகல. உன்மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. இனிமே க்ளையண்ட்டோட ஃபோன்ல பேசறப்ப மட்டும் நீ உக்காராதே. அவ்ளோதான்."

"மெயில் பாருங்க சார்."

பார்த்தார். நேரத்தை இரண்டாம் தடவை பார்த்தார். "பன்னெண்டரைக்கு அனுப்பியிருக்கே. மேடத்தோட பேசறதுக்கு முன்னாடியே ரிசைன் பண்ணிட்டியா?"

"ஆமா சார். வேலைய கையில புடிச்சுக்கினு கேட்டிருந்தா பாதிதான் கேட்டிருப்பேன்."

"வேற இடம் கெடச்சுடுத்தா?"

"இல்ல."

"வீட்ல என்ன சொல்லுவே? உங்கப்பாவுக்கு நீ ஒருத்திதானே டிகிரி."

"தெரியல சார். பஸ்ல போறப்ப யோசிக்கறேன்."

பயம் வரும் என்று எதிர்பார்த்தாள். பசிதான் வந்தது. ஐடி கார்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, விறுவிறுவென்று படியிறங்கித் தெருவுக்கு வந்தாள்.