சீமைக்குப் போகாத மரியகொரட்டி

பசறைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து எடுக்கத் தெரியாத குமரி மரியகொரட்டி ஒருத்திதான். துரையின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சின்ன வயதில் பங்களாவுக்குப் போனவள் அங்கேயே வளர்ந்தாள். துரை வேலையை விட்டுக் கிளம்பியபோது, "நீயும் எங்களோட சீமைக்கு வா" என்றாள் துரைசாணி. அதை நம்பித்தான், பெண் கேட்டு வந்த சிங்கராயர் வீட்டாரை அவள் திருப்பி அனுப்பினாள். கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு புறப்பட்டாள். அம்மா கட்டிப்பிடித்து அழுதாள்.

பண்டாரவளை ஸ்டேஷனில் வெள்ளைக்கார ஆயா ஒருத்தி காத்திருந்தாள். துரைசாணி முகம் பார்க்காமல், "கப்பல் உனக்கு ஒத்துக்காது" என்றாள். ரயில் நகர, குழந்தை ஜன்னலில் முட்டிக்கொண்டு கத்தியது. சாமான் ஏற்றி வந்த மாட்டு வண்டியிலேயே மரியகொரட்டி திரும்பினாள்.

"சீமை அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்று தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் சிரித்தார்கள். சிங்கராயருக்கு வேறிடம் பேசி முடித்திருந்தார்கள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் போய் நின்றாள். "பங்களாக் கை இது, கொழுந்துக்கும் முத்தலுக்கும் வித்தியாசம் தெரியுதா?" என்று எல்லோர் முன்னாலும் தம்பையா கங்காணி கேட்டார். விரல்கள் வெடித்தன, கூடை நிறையவில்லை. ஆயுசு முழுக்க இந்த மலையும் லயமும்தானா என்று நினைத்தாள். ஓடிப்போகலாமென்றால், போய்ச் சேர ஒரு ஊர் தெரியாது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கைப்பிள்ளைக்காரிகள் மரக்கிளையில் சேலைத் தொட்டில் கட்டிவிட்டுத்தான் தங்கள் தேயிலை வரிசைக்கு, நிரைக்குப் போவார்கள். ஒருநாள் நனைந்த முடிச்சு நழுவி, பூவம்மாவின் பிள்ளை சேற்றில் விழுந்தது. ஓடிய பூவம்மாவை, "நிரையை விட்டு எங்கடி போறே?" என்று கங்காணி மறித்தார்.

மரியகொரட்டி கூடையைக் கீழே போட்டாள். பிள்ளையைத் தூக்கி வாயிலிருந்த சேற்றைத் துடைத்தாள். மற்றத் தொட்டில்களில் கிடந்த இரண்டையும் எடுத்து, ஒன்றை முதுகில் கட்டி, இரண்டை இடுப்பில் வைத்து நடந்தாள்.

"யாரைக் கேட்டுப் போறே?"

"யாரையும் கேக்கலைங்க. எனக்குத் தெரிஞ்சது பிள்ளை பாக்குறது ஒண்ணுதான்."

"இன்னைக்குப் பேர் கிடையாது, சம்பளம் கிடையாது உனக்கு!"

"அவ பாத்துக்கட்டுங்க," என்றாள் பூவம்மா. "நாங்க கூடக் கொஞ்சம் எடுக்கிறோம்." மற்ற இரண்டு தாய்மாரும் கொழுந்தைத் தொடாமல் நின்றார்கள். மழையில் கொழுந்து எடுக்காமல் நிற்கிறதே என்று கங்காணிதான் கடைசியில் இறங்கி வந்தார்: அரைப் பேர், பாதிச் சம்பளம்.

லயத்தின் கோடியில் காலியாகக் கிடந்த காம்பரா அறையைப் பிள்ளை பார்க்க அவளுக்கு விட்டார்கள். அதற்கு ஜன்னல் இல்லை. புகை வெளியே போகாது. மழை கொட்டினால் தகரக் கூரையின் இரைச்சலில் பிள்ளைகள் வீரிட்டு அழும். சாயங்காலம் தாய்மார் வந்து ஆளுக்கொன்றாய்த் தூக்கிப் போனபின், அந்த நாலு சுவர் அவளை நெருக்கும். தோட்டத்தை விட்டு அவள் போகவில்லை. போக வழியும் இல்லை. ஆனாலும் பொழுது விடிவது இப்போது அவளுக்குப் பயமாயில்லை. யாரும் எழுப்பாமலே எழுந்து, பிள்ளைகள் வருமுன் கஞ்சிக்கு உலை வைத்தாள்.