முதல் நாணல்

கணவன் லமேக்கிக்கான துக்கம் முடிகிற நாள். கேழ்வரகு மதுப் பானையில் நன்கம்பா வெந்நீர் ஊற்றினாள். இன்று அவள் அந்தப் பானையில் ஒரு நாணல் குழலைச் செருகி, இறந்த கணவனின் குலத்து ஆண் ஒருவனை உறிஞ்சச் சொல்லியாக வேண்டும். யாரைச் சொல்கிறாளோ, இனி அவனுக்கு அவள் மனைவி.

அதற்காகவே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான் கொழுந்தன் யோத்தாமு. அவனுக்கு ஏற்கெனவே இரண்டு பெண்டாட்டி. மூத்தவளுக்கு முன்பல் இரண்டு கிடையாது. அவள் வழுக்கி விழுந்தாள் என்று ஊரில் சொல்கிற ஒரே ஆள் அவன்தான். அண்ணனைப் புதைத்த ஈரம் காய்வதற்குள் அண்ணனின் தகரக்கூரை வீட்டைச் சுற்றிவந்து சுவரைத் தட்டிப் பார்த்தவன். அவனோடு படுப்பதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்று அவள் முடிவு செய்து வெகுநாளாகிவிட்டது. ஆனால் மறுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போனால் மகன் எனோக்கியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மாடு கொடுத்துக் கட்டியவளின் பிள்ளை மாடு கொடுத்தவர்களுக்கே.

வழி சொன்னவள் லமேக்கியின் அத்தை நமுகொண்டா. போன வாரம் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள்.

"அடியே, அவனைப் பிடிக்கலைன்னா உன் மகன் வாயில நாணலை வையி. அவனும் நம்ம சிமுகொண்டா குலத்து ரத்தம்தானே? அப்பன் பேரு அவனுக்கு இறங்கிரும். அப்புறம் எவனும் உன் வாசலை மிதிக்க முடியாது."

"நெசமாவா அத்தை? வீடு?"

"வீடும் உனக்கு, புள்ளையும் உனக்கு. நான் சொன்னா அதுக்கு மேல பேச்சு ஏது இந்தக் குலத்துல?"

வழக்கம் உண்மைதான். அப்படிப் பெயரை ஏற்ற சிறுவனை ஊரார் நாலு நாள் அப்பன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேலி செய்வார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். நன்கம்பா கண்டதெல்லாம் அவ்வளவுதான். அன்றிரவே அத்தைக்கு ஒரு கோழி கொடுத்தனுப்பினாள், பாவம்.

பானை தயாரானது. அவள் நாணலைச் செருகி, எல்லார் முன்னாலும் மண்டியிட்டு, எனோக்கியை இழுத்து அவன் வாயருகே வைத்தாள். ஆறு வயதுப் பையன் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, நாக்குச் சுட்டு முகத்தைச் சுளித்தான். கூட்டம் சிரித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

யோத்தாமுவின் முகம் எப்படிக் கறுக்கிறது என்று ஆசையாகத் திரும்பிப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

தொப்பியைக் கழற்றி, பையன் முன்னால் முட்டிபோட்டு, பெரியவர்களுக்கு மரியாதையாகத் தட்டுவதுபோல் மெல்லக் கைதட்டினான். "வாங்கண்ணே! செத்துப்போய் ரொம்ப நாளாச்சு. நல்லாருக்கீங்களா?"

எனோக்கிக்குத் தாங்க முடியாத சிரிப்பு. அத்தை அவனைத் தூக்கி லமேக்கியின் நாற்காலியில் உட்கார வைத்து, கை நிறைய வறுத்த கடலை கொடுத்தாள்.

"அண்ணே, உங்க வயலை உழணும். உங்களுக்கு ஏர் எட்டாது. நான் பாத்துக்கட்டுமா?"

"ம்."

"வீட்டையும்?"

"ம்," என்றான் வாய் நிறையக் கடலையோடு.

"அந்தா நிக்கிறாளே, உங்க பொண்டாட்டி, வயசாயிருச்சுண்ணே. உங்களுக்குப் புதுசா கட்டி வைக்கிறோம். இவளை அப்பன் வீட்டுக்கு அனுப்பிரலாமா? 'போடி'ன்னு சொல்லுங்க பாப்போம்."

நன்கம்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "டேய், சொல்லாதடா!" என்று கத்தினாள். ஆனால் அப்பா குரலில் பேசுவது அவனுக்கு எப்போதுமே பிடித்த விளையாட்டு.

"போடி!" என்றான் எனோக்கி, குரலைத் தடிமனாக்கி.

கூட்டம் கைதட்டியது. கிழவர்கள் கண்ணில் நீர்வரச் சிரித்தார்கள். தடுக்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மது இன்னும் அரைப்பானை இருந்தது.

"பச்சப்புள்ளைங்க! அவனுக்கு என்ன தெரியும்?"

"பச்சப்புள்ளைன்னா ஏன்டி அவன் வாயில நாணலை வச்ச?" என்றாள் அத்தை நிதானமாக. "லமேக்கி வந்துட்டான், பேசிட்டான். பத்து வருசம் எங்க களியைத் தின்னும் உன் பேரு உன் அப்பன் குலத்துப் பேருதானே? நன்கம்பா நன்கம்பா வீட்டுக்குப் போறதுல என்ன குறை?"

"அத்தை, நீங்கதானே சொன்னீங்க! வீடு வேணாம், வயல் வேணாம். என் புள்ளையைக் குடுத்துருங்க."

"தள்ளிவச்ச புருசனை இடுப்புல தூக்கிட்டுப் போறவளை எங்கயாவது பாத்திருக்கியா?"

மறுபடியும் சிரிப்பு. நன்கம்பா நாற்காலியை நோக்கிப் பாய்ந்தாள். நான்கு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தி யோத்தாமுவின் முன்பல்லில்லாத மூத்தவள், எல்லாரையும்விட இறுக்கமாகப் பிடித்தவளும் அவள்தான். அப்படியே பாதைவரை இழுத்துப்போய்த் தள்ளி, அவளுடைய துணி மூட்டையைப் பின்னால் எறிந்தார்கள். மூட்டை முன்னமே கட்டித் தயாராக இருந்தது.

அம்மா விழுந்ததைப் பார்த்த பிறகுதான் எனோக்கிக்கு விளையாட்டு விட்டுப்போயிற்று. கடலையைக் கொட்டிவிட்டு, "அம்மா!" என்று நாற்காலியிலிருந்து குதித்தான். யோத்தாமு அவனை அந்தரத்திலேயே பிடித்து மறுபடி உட்கார வைத்தான்.

"உக்காருங்கண்ணே," என்றான். "பொண்டாட்டி போனதுக்கெல்லாம் ஆம்பளை அழலாமா?"