பிரபு கடித்த ரொட்டி

எங்கள் பகுதியில் வழக்கு கேட்கும் பிரபு வெறும் வயிற்றோடு உட்கார வேண்டும். ஒரு வாய் சாப்பிட்டாலும் அன்றைய அவை செல்லாது. அடுத்த அவை ஆறு வாரம் கழித்துத்தான். பாதிரியாரின் மாலை வகுப்பில் எழுதக் கற்றுவரும் நான், இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். சரியாக வருமா தெரியவில்லை.

லிண்டன் மரத்தடியில் பிரபு வித்திகோ நீதிக்கோலோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காய்ச்சல் விட்டுச் சில வாரம்தான் ஆகிறது. எதிரே கரி சுடும் ஹென்னிங் நின்றான்.

"என் காட்டுல மான் அடிச்சியா?" என்று கேட்டார் பிரபு.

"அடிச்சேன் சாமி. புள்ளைங்க மரப்பட்டைய வேக வெச்சுத் தின்னுச்சுங்க."

பிரபுவின் மகன் பூசோ சிரித்தான். "மான் ருசி கண்ட வாய்க்கு இனிமே பட்டை எறங்குமா?"

தீர்ப்பு சொல்வது பிரபு இல்லை, பெஞ்சில் இருக்கும் நாங்கள். அவர் அதை எழுந்து அறிவிப்பார். மாற்ற அவருக்கே உரிமை கிடையாது. இளையவனான நான்தான் முதலில் சொல்ல வேண்டும்.

"சொல்லுப்பா ஐக்கோ, சட்டம் என்ன?"

"வலது கையை வெட்டணும், ஐயா."

மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

பிரபு எழவில்லை. ஹென்னிங்கின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் நின்ற காவலாளியின் பையிலிருந்து கம்பு ரொட்டியை எடுத்துக் கடித்தார்.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"பசிக்குதுடா."

"அவை செல்லாம போச்சே."

"அடடா, மறந்துட்டேன்." நிதானமாக மென்று விழுங்கினார். "ஹென்னிங், அடுத்த அவைக்கு வந்துடு. ஆத்துக்கு அந்தப் பக்கம் பிஷப்போட நிலம். அங்க என் கோல் செல்லாது. போயிடாத."

"சரிங்க சாமி."

"வயசாயிடுச்சு, கோலை என்கிட்ட குடுத்துடுங்க," என்றான் பூசோ, எல்லோருக்கும் கேட்கும்படி. பெஞ்சில் இருந்தவர்களே சிரித்தார்கள்.

போன அவைக்குக் கடும் காய்ச்சலோடு வந்தபோது மருந்தைக்கூடத் தொடாதவர் அவர். சட்டம் தவறாதவர் என்ற பெயர் ஒன்றுதான் அவருடைய பெருமை. அதையா ஒரு துண்டு ரொட்டிக்குக் கொடுத்தார்? நிஜமாகவே மறந்தாரா? எனக்குத் தீர்மானிக்கத் தெரியவில்லை.

வகுப்புக்குப் போகும் வழியில் ஹென்னிங்கின் குடிசை திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. விறகை அடுக்கி மண்ணால் மூடிய கரிமேடு மட்டும் புகைந்துகொண்டிருந்தது, ஒரு பக்கம் மண் சரிந்து தீ எட்டிப்பார்த்தது. கரி சுடுகிறவன் எரியும் மேட்டை விட்டுப் போகமாட்டான். போயிருந்தால், ஆற்றைத் தாண்டித்தான் போயிருப்பான்.

மண்வாரியை எடுத்து, தீ வெளியே தெரியாதபடி அந்த ஓட்டையை மூடினேன். வகுப்புக்குத் தாமதமாகத்தான் போனேன்.