பல் பட்ட அட்டை

ஹார்லன் கெஸ்லருக்குப் பெண்டாட்டி கிடையாது, நாய் கிடையாது, அட்டைகள் உண்டு. நூறு வருஷத்துக்கு முன்னால் சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்த, ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் அட்டைகள், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியவை. ஒரே அணியின் அத்தனை ஆட்டக்காரர்களையும் சேர்க்கப் பாதி ஆயுசு ஓஹாயோ மாநிலம் முழுக்க அலைந்தார். போன இலையுதிர் காலத்தில்தான் கடைசி அட்டை சிக்கியது. இனி ஏப்ரலில், சர்ச் கூடத்துக் கண்காட்சியில் வரிசையை முழுசாகப் பரப்பி, மற்ற சேகரிப்பாளர்களின் வயிறு எரிவதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும். அந்த மனிதர் மூச்சு விட்டதே அதற்குத்தான்.

அந்த வரிசையில் ஒன்று அப்பா வைத்திருந்த அட்டை; காது விடைத்த ஒரு பந்துவீச்சாளன். தம்பி டுவெய்ன் நாலு வயதில் அதன் மூலையைக் கடித்துவைத்தான். அப்பா செத்ததும் ஹார்லன் அட்டையை எடுத்துக்கொண்டு, அவருடைய ஓட்டை வண்டியைத் தம்பி தலையில் கட்டினார். அப்புறம் அட்டையைத் தரம் பார்க்கும் கம்பெனிக்கு அனுப்பினார். பல்தடத்தைப் பார்த்துவிட்டுப் பத்துக்கு இரண்டு போட்டு, கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் திருப்பி அனுப்பினார்கள். உறையை உடைத்தால் அந்த இரண்டு மார்க்கும் போச்சு.

பிப்ரவரியில் டுவெய்னுக்கு நுரையீரல் கைவிட்டது. மூக்கில் குழாயோடு அவன் வீட்டுக் கூடத்திலேயே கட்டில்.

“அண்ணே, அந்தக் கடிச்ச அட்டையக் கொண்டாயேன். வெறுங்கையால ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கறேன்.”

“உறைய உடைக்கணுமேடா.”

“உடையேன். பத்துக்கு ரெண்டுதான வாங்கியிருக்கு? பள்ளிக்கூடத்துல நீ வாங்காததா!”

டுவெய்னின் மனைவி மர்லீன் சிரித்தாள். ஹார்லன் சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போனவர், அதே ஆட்டக்காரனின் புது அச்சு நகல் ஒன்றைத் தேடி எடுத்தார். பழசாகத் தெரியக் காப்பியில் நனைத்தார், அடுப்போரம் காயவைத்தார், ஓரங்களைக் கால்சட்டையில் தேய்த்தார். பல்தடம் மட்டும் பாக்கி. வாய்வரை கொண்டுபோனார். அறுபது வயதுக்கு மேல் அட்டையைக் கடிக்க வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டார். தம்பியை ஏமாற்ற வெட்கமில்லை, பாருங்கள்.

மறுநாள் டுவெய்ன் அதை வாங்கி மூலையைக் கட்டைவிரலால் தடவினான். திருப்பி, அடுத்த மூலையையும் தடவினான். மூக்குக் குழாய் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது.

“காயம் ஆறிடுச்சுண்ணே,” என்றான்.

மர்லீனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஹார்லன் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தார்.

“மர்லீன், இத என் சட்டப்பையில வச்சே பொதைச்சிடு. எங்கண்ணன் உறைய உடைச்சுக் குடுத்தது. ஊர்ல ஒருத்தர் விடாம சொல்லு.” அண்ணன் பக்கம் திரும்பினான். “என்னண்ணே, சரிதான?”

வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அவருக்கு அந்த ஒரு கணம்தான் இருந்தது.

“சரிதான்,” என்றார் ஹார்லன்.

அந்த வாரமே டுவெய்ன் போய்விட்டான். மர்லீன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. திறந்த சவப்பெட்டியருகே வந்தவர்களுக்கெல்லாம் சட்டைப்பையைக் காட்டினாள். பாதிரியார் பிரசங்கத்திலேயே சேர்த்துக்கொண்டார். ஹார்லன் வீட்டு வாசலில் ஊர் மெச்சி அனுப்பிய உருளைக்கிழங்கும் பன்றித்தொடையும் தட்டுத் தட்டாக வந்து இறங்கின; எங்கள் வீட்டுத் தட்டு இன்னும் திரும்பவில்லை.

ஏப்ரலில் மேஜை விரித்தார். வரிசையின் நடுவே ஒரு அட்டைக்கு இடம் விட்டு வைத்திருந்தார். வேறு வழி? இத்தனை வருஷமாக அவரைக் கண்டால் முறைத்த சக சேகரிப்பாளன் வெர்ன் டட்டில் வந்து தோளைத் தட்டினான். “என்னால ஆகியிருக்காதுப்பா. மனுஷன்னா நீதான்.” யாருக்கும் வயிறு எரியவில்லை. கண்தான் கலங்கியது.

அசல், காலுறைகளுக்கு அடியில் கிடக்கிறது. அவர் சாகும்வரை அதை ஒரு ஆளிடம் காட்ட முடியாது. எப்போதாவது கதவைத் தாழிட்டுக்கொண்டு எடுத்து, பல்தடம் இருக்கும் மூலையை விரலால் தடவுகிறார். பிளாஸ்டிக் வழவழவென்று இருக்கிறது.