கால் திருப்பு

ஏரித் தண்ணீர் தரைதட்டியதும் நீர் அலுவலகத்தில் உத்தரவு போட்டார்கள். பள்ளத்துத் தெருவுக்கு வால்வை மூடிவிட வேண்டும். மேட்டுக் குடியிருப்புக்கு மட்டும் திறக்கலாம். பள்ளத்துக்கு லாரி வரும் என்றார்கள். வரவில்லை.

வால்வு திறப்பவனின் அக்கா பள்ளத்தில்தான் குடியிருந்தாள்.

“ஊருக்கே தண்ணி விடறவன் என் தம்பின்னு பீத்திக்கிட்டுத் திரியறேன். வீட்ல புள்ளைக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணி இல்ல.”

“அக்கா, அது உத்தரவு.”

“உத்தரவு போட்டவரு எங்க இருக்காரு? மேட்டுலயா, பள்ளத்துலயா?”

மறுநாள் அவன் வால்வுக் குழிக்குள் சாவியை இறக்கி, வால்வை முழுக்க மூடாமல் கால் திருப்பு மட்டும் திறந்து விட்டுவைத்தான். குழாயில் தண்ணீர் நெருக்கி ஓடினால் விரிசல் வழியே வெளியே கசியும். மெலிந்து ஓடினால் பக்கத்துச் சாக்கடையை உள்ளே இழுக்கும். அதனால் திறந்தால் முழுக்க, மூடினால் முழுக்க என்பதுதான் விதி. தெரிந்தேதான் செய்தான். மழை வரும்வரைக்கும்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

தெருக்குழாயில் நூலாக வந்தது. “பெரிய இடத்துத் தம்பி இருந்தா கொடுத்துவச்சவதான்,” என்று குடத்தை வைத்தபடியே கிண்டலடித்தாள் எதிர்வீட்டுக்காரி. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

வாரக் கடைசியில் அவன் போனபோது அக்கா மகள் சுருண்டு கிடந்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன. மாமா என்று உதடு அசைந்தது; சத்தம் வரவில்லை.

“ராத்திரியிலேர்ந்து வாந்தி, பேதி. வெயில் ஒத்துக்கல போல,” என்றாள் அக்கா. “உப்பும் சக்கரையும் கரைச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கேன். நல்லவேளை, நீ விட்ட தண்ணி இருக்கு.”

அவள் கையிலிருந்த டம்ளரை அவன் தட்டிவிட்டான்.

“பைத்தியமாடா உனக்கு?” அவள் குனிந்து, தரையில் ஓடியதைத் துணியில் ஒற்றிச் சட்டியில் பிழிந்தாள்.

“அக்கா, அது சாக்கடை. நான்தான் விட்டேன்.”

அவள் கை நின்றது. துணியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். வால்வுக் குழி தெருக்கோடியில். ஆஸ்பத்திரி எதிர்த்திசையில், மேட்டில். குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன.

“பிடிக்காதீங்க. கெட்ட தண்ணி,” என்றான்.

“ஏன், உங்கக்கா வீட்ல நெறஞ்சிடுச்சா?” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

யாரும் குடத்தை எடுக்கவில்லை. பிள்ளை தோளில் கனக்காமல் கிடந்தது. அவன் மேட்டைப் பார்த்து ஓடினான். பின்னால், நிறைந்த குடத்தை நகர்த்திவிட்டு அடுத்த குடத்தை வைத்தார்கள்.