ஹஜ்ரத்தின் காலில் ஈரமில்லை

அவருக்கென்று வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் பள்ளிவாசல் பக்கம் 'வாஷர்' என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். எந்தக் குழாய் ஒழுகினாலும் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "வாஷர் போயிருக்கு" என்பார். முக்கால்வாசி நேரம் அதுவாகவே இருக்கும். முப்பது வருஷமாகக் குழாய் வேலை. அந்த வேலையில் ஊறிப்போனவருக்கு எதையும் நம்ப முடியாத வியாதி ஒன்று வந்துவிடும். சுவரில் ஈரம் தெரிகிற இடத்தில் ஓட்டை இருக்காது, அது வேறெங்கோ பத்தடி தள்ளி இருக்கும். தொழில் சொல்லிக்கொடுத்த இந்தப் பாடத்தை அவர் மனிதர்கள் விஷயத்திலும் பிடித்துக்கொண்டார். மகளைப் பெண் பார்க்க வந்த ஒரு நல்ல பையனை, ரொம்பச் சிரிக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பியவர் அவர். மகள் அதை மன்னித்துவிட்டாளா என்று கேட்க அவருக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

பள்ளிவாசலில் தினமும் மோட்டார் போடுவது அவர் பொறுப்பு. விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு முக்கால் மணி நேரம் முன்னால் வந்து, மோட்டார் அறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். தொழவைக்கிற ஹஜ்ரத்தின் அறை அதற்கு அடுத்த அறை. அந்த அறையின் குளியலறைக்குப் போகிற குழாய் மோட்டார் அறைச் சுவரை ஒட்டித்தான் ஓடுகிறது. ஹஜ்ரத் குழாயைத் திறந்தால் இந்தப் பக்கம் அது கிழவன் மாதிரி இருமும். எத்தனையோ காலையில் அந்த இருமலைக் கேட்டவர் வாஷர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது இருமாதது முதல் தடவையாக அவருக்கு உறைத்தது.

ஹஜ்ரத் அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்தார். வழவழவென்று இழைத்த கல் தரை. தொழுவதற்காகக் கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வருகிறவர்களின் ஈரக்கால் அதில் பளிச்சென்று பதியும். ஹஜ்ரத் நடந்த வழியில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

துண்டால் துடைத்திருப்பார் என்றுதான் வாஷர் முதலில் நினைத்தார். ஆனால் நினைத்த மனம் சும்மா இருக்கவில்லை. மறுநாள் முதல் வரிசையில், ஹஜ்ரத்துக்கு நேர் பின்னால் இடம் பிடித்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். முழங்கைச் சட்டை மடிப்பு காய்ந்திருந்தது. தாடி காய்ந்திருந்தது. குனிந்து எழும்போது குதிகாலின் வெடிப்பில் வெள்ளைப் பொடி. தொழுகையில் என்ன ஓதினார்கள் என்று அன்றைக்கு வாஷரைக் கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பார்.

தூங்கி எழுந்தவனுக்கு ஒளு கிடையாது, முகமும் கைகாலும் புதிதாகக் கழுவாமல் தொழ நிற்கக்கூடாது. இது மதரஸாவில் சேர்ந்த முதல் வாரத்துப் பிள்ளைக்கே தெரியும். ஹஜ்ரத்துக்குத் தெரியாதா? தண்ணீர் படக்கூடாத நோயாளி என்றால் மண்ணைத் தொட்டுத் தடவிக்கொள்ளச் சலுகை உண்டு. அதையும் வாஷர் யோசித்தார். ஆனால் பொழுது விடிந்ததும் அதே குழாய் கால் மணி நேரம் நிற்காமல் இருமியது. மனிதர் குளிக்கிறார். தண்ணீர் ஒத்துக்கொள்கிறது. தொழுகைக்கு மட்டும்தான் தண்ணீர் வேண்டாம் போலிருக்கிறது. ஒன்பது நாள் எண்ணிவிட்டார் வாஷர்.

பத்தாவது நாள்தான் அவருக்கு அது நினைவுக்கு வந்தது. நாலு மாதத்துக்கு முன் அவர் மனைவி இறந்துபோனாள். அவளுக்கு ஜனாஸா தொழுகை நடத்தியவர் இதே ஹஜ்ரத்.

மற்ற தொழுகை போனால் போகிறது, திரும்பத் தொழுதுகொள்ளலாம். இது அவள் இந்த உலகத்தை விட்டுப் போகையில் அவளுக்காகக் கேட்ட மன்னிப்பு. ஒரே ஒரு தடவை. அதைக் கேட்டவர் கைகால் கழுவாமல் நின்று கேட்டாரா? வெளியூர் ஆலிம் ஒருவருக்குப் போன் போட்டு, யாரோ நண்பருக்காகக் கேட்பதுபோல் கேட்டார். தெரியாமல் பின்னால் நின்றவர்களின் தொழுகைக்குக் குறையில்லை என்று அவர் சொன்னார். நம்பிக்கை வராமல் இன்னொருவருக்குப் போட்டார். தொழவைக்கிற இமாமுக்கே ஒளு இல்லையென்றால் யாருக்கும் தொழுகை இல்லை, புதைத்த கப்ரில் போய் மறுபடி தொழவேண்டும், ஆனால் அதற்கும் நாள் உண்டு, நாலு மாதமெல்லாம் கடந்துவிட்டது என்றார் இவர். இரண்டு பேரும் ஓதிப் பட்டம் வாங்கியவர்கள். மார்க்கம் ஒன்று, பதில் இரண்டு. வாஷருக்கு ஹஜ்ரத் மேல் இருந்த சந்தேகம் இப்போது மெல்ல வேறு பக்கமும் ஒழுக ஆரம்பித்தது. அவர் அவசரமாக அதை அடைத்துவிட்டார்.

பள்ளிவாசல் தலைவர் டைல்ஸ் கடைக்காரர். மூக்கில் வியர்த்தாற்போல் அன்றைக்கென்று வாஷரைக் கடைக்குக் கூப்பிட்டார். ஹஜ்ரத்தைப் பற்றி ஏதாவது காதில் விழுந்தால் சொல்லச் சொன்னார். ஏழு மாதமாகவே அவருக்கு ஹஜ்ரத்தைக் கண்டால் ஆகாது. பெண்களும் வந்து தொழட்டும், பக்கத்து ஹாலைத் திறந்துவிடுவோம், நபி காலத்திலேயே வந்து தொழுதவர்கள்தானே என்று ஹஜ்ரத் கமிட்டியில் பேச்சை எடுத்த நாளிலிருந்து வந்த பகை அது. மார்க்கத்தை வைத்து அவரிடம் வாதாடக் கமிட்டியில் யாருக்கும் ஓதல் போதாது. அதனால் அந்தக் கூட்டத்தில் தலைவர் வாஷர் பக்கம் திரும்பி, பெண்கள் ஒளு செய்ய அங்கே தண்ணீர் வருமா என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. "பிரஷர் வராது," என்றார் வாஷர். ஒரே வரி. விஷயம் அத்தோடு படுத்துவிட்டது.

கூட்டம் நடந்த அன்று வீட்டில் மனைவி கேட்டாள், நிஜமாகவே வராதா என்று. வராது என்றார். முப்பது வருஷம் குழாய்க்காரனோடு குடும்பம் நடத்தியவள், எந்தத் தொட்டியிலிருந்து எந்தக் குழாய்க்கு ஏறும் என்று அவளுக்குத் தெரியாதா? சரி என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மூன்று மாதம் கழித்து அவள் பள்ளிவாசலுக்கு வந்தாள், சந்தூக்குப் பெட்டியில் படுத்துக்கொண்டு.

இப்போது டைல்ஸ் கடையில் தலைவரிடம் வாஷர் ஒன்றும் சொல்லவில்லை. வாய்வரைக்கும் வந்ததை மென்று விழுங்கினார். சொல்லியிருந்தால் அன்று மாலையே ஹஜ்ரத்தின் பெட்டி வாசலில் கிடந்திருக்கும். சொல்வதற்குமுன் தன் விஷயம் தனக்குத் தெரியவேண்டும் என்று இருந்தது அவருக்கு.

மறுநாள் விடிந்தபின், குழாய் பார்க்க வந்ததாகச் சொல்லி ஹஜ்ரத்தின் அறைக்குள் போனார். ஒரு இரும்புக் கட்டில், சுவர் முழுக்க அவர் ஓதிய கிதாபுகள், மேஜைமேல் ஒரு ஃபிளாஸ்க். வாஷர் பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்தார், மறுபடி வைத்தார். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. சுபுஹுக்கு ஒளு செய்கிறீர்களா என்று நேராகவே கேட்டுவிட்டார்.

ஹஜ்ரத் அதிர்ந்துபோவார், கோபப்படுவார், ஏதாவது சொல்லிப் பூசி மெழுகுவார் என்றுதான் வாஷர் தயாராக வந்திருந்தார். அவர் ஃபிளாஸ்க்கின் மூடியில் டீ ஊற்றி இவர் பக்கம் நகர்த்தினார்.

"எத்தன நாளா பாக்கறீங்க?"

"பத்து நாளா."

"நான் நிறுத்தி ஏழு மாசம் ஆகுது," என்றார் ஹஜ்ரத். "தினமும் இல்ல. பாதி நாள் செய்வேன். பாதி நாள் கை போகாது. இப்பக் கொஞ்ச நாளா சுத்தமாப் போறதில்ல."

வாஷர் டீயைத் தொடவில்லை. இந்த ஆள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறாரே, இதில் என்ன சூது என்று அவர் மனம் துழாவியது.

"கமிட்டி நடந்த நாள் ஞாபகம் இருக்கா?" ஹஜ்ரத் கேட்டார். "சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்ச கையோட உக்காந்தோம். எல்லாரும் ஒளுவோட இருந்தோம். நீங்க பிரஷர் வராதுன்னீங்க. பத்துப் பேரு தலையாட்டினாங்க. தண்ணித் தொட்டியே அந்த ஹாலுக்கு மேலதான் இருக்கு. எனக்குக் குழாய் வேல தெரியாது, கண்ணு தெரியும். பொய்யின்னு தெரிஞ்சும் நான் வாயத் தொறக்கல. வேல போயிடும்னு பயம். மறுநாள் சுபுஹுக்குக் குழாய் முன்னாடி நின்னேன். இவ்வளவு கழுவியும் நேத்து எது சுத்தமாச்சுன்னு ஒரு கேள்வி. கழுவாமலே வந்து தொழ வச்சேன். ஒண்ணும் நடக்கல. அப்புறம் கேள்வி வளந்துகிட்டே போச்சு. இப்ப, கேக்கறதுக்கு மேல அவன் இருக்கானாங்கற வரைக்கும் வந்து நிக்குது."

வாஷருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் பழியை என் தலையில் கட்டுகிறார் பார்! தன் பொய்யால்தான் இவருடைய ஈமான் போயிற்றென்றால், ஏழு மாதமாக முன்னால் நின்று ஊரை ஏமாற்றியது யார் என்று கேட்டார். பெண்களை உள்ளே விடச் சொன்னதும் இந்த அவநம்பிக்கையில்தானா என்று கேட்டார்.

"இல்ல. அது ஈமானோட இருந்தப்ப கேட்டது," என்றார் ஹஜ்ரத். "உங்க பொய்க்கு நீங்க பதில் சொல்லுங்க. நான் செஞ்சதுக்கு நான் சொல்லிக்கறேன். நாளையிலேருந்து பாங்கு சொல்ற மோதினார் தொழ வைப்பார். வெள்ளிக்கிழமை நானே எல்லார்கிட்டயும் சொல்லிட்டுக் கெளம்பறேன்."

வாஷருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அவர் வந்தது ஒரே ஒரு கேள்விக்காக. மனைவி பெயரைச் சொல்ல வரவில்லை. "எங்க வீட்டு ஜனாஸா அன்னிக்கு?" என்றார்.

ஹஜ்ரத் ஃபிளாஸ்க்கை மூடி ஓரமாக நகர்த்தினார்.

"செஞ்சேன்னு சொல்லிடலாம். நீங்களும் நிம்மதியாப் போவீங்க. ஆனா எனக்கு ஞாபகம் இல்ல. செஞ்சிருக்கலாம். செய்யாமலும் இருந்திருக்கலாம். சத்தியமா ஞாபகம் இல்ல."

வாழ்க்கையில் யாரையும் நம்பாத வாஷர் இதை நம்பினார். பொய் சொல்கிறவன் இப்படி ஒரு பொய்யைச் சொல்லமாட்டான். அதுதான் அவரைக் கொன்றது.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. மகள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிக்கிற வேலையில் இருப்பவள். அன்று அவளுக்கு மதியம்தான் டியூட்டி. துணி மடித்துக்கொண்டிருந்தவள் முன்னால் உட்கார்ந்து, குழாய் இருமாததில் ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னார். ஹஜ்ரத்துக்கு ஞாபகமில்லை என்ற இடம் வந்தபோது அழுதுவிட்டார். பெண் முன்னால் அழுவது அவருக்கு அதுதான் முதல் தடவை. உம்மாவை ஒன்றுமில்லாமல் அனுப்பிவிட்டோமே என்று அரற்றினார்.

ஹஜ்ரத்தைப் பற்றி மகள் ஒன்றுமே கேட்கவில்லை. "அந்த ஹாலுக்குத் தண்ணி வரும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியும் என்று தலையாட்டினார்.

"உம்மாவுக்கும் தெரியும். தொட்டி தலைக்கு மேலயே இருக்குன்னு எங்கிட்டச் சொல்லிச் சிரிச்சாங்க. நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் அதுக்கப்புறம் கேக்கல."

மகள் மடித்த துணியை ஓரமாக வைத்தாள்.

"உம்மா ஒண்ணுமில்லாமப் போகல, வாப்பா. நான் தொழுதேன். கஃபன் துணி போட்டு முன் ரூம்ல வச்சிருந்தப்ப. நீங்கல்லாம் வாசல்ல வண்டி வந்துச்சான்னு பாத்துகிட்டு இருந்தீங்க. நானும் குளிப்பாட்ட வந்த ரெண்டு பேரும் நின்னோம். அல்லாஹு அக்பர்னு நாலு தக்பீர் சொல்லி முழுசாத் தொழுதோம். நான்தான் முன்ன நின்னேன்."

ஜனாஸா தொழுகையை ஒரே ஒருவர் சரியாக நிறைவேற்றினாலும் ஊருக்கே கடமை தீர்ந்துவிடும். வாஷருக்கு இது தெரியும். நெஞ்சில் ஒரு பாரம் இறங்கிய அதே கணத்தில், பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது.

"ஒளுவோடயா?"

கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை வருஷம் முன்னால் நின்ற ஆண்பிள்ளையிடம் இதைக் கேட்க அவருக்குப் பத்து நாள் பிடித்தது. பெற்ற மகளிடம் கேட்க ஒரு மூச்சு பிடிக்கவில்லை.

மகள் கோபப்படவில்லை. "உம்மாவக் குளிப்பாட்டி முடிச்சிட்டு, நானும் குளிச்சு ஒளு செஞ்சுட்டுத்தான் வந்து நின்னேன்," என்றாள்.

இது கூடுமா, பெண் முன்னால் நின்றது செல்லுமா என்று யாரிடம் கேட்கலாம் என்று ஒரு நொடி அவர் மனம் போனது. ஒருவர் கூடும் என்பார், இன்னொருவர் கூடாது என்பார். அன்றைக்கு மனைவியின் மய்யித்தின் முன்னால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நின்றவர்கள் அந்த மூன்று பெண்கள்தான். அவர்களில் ஒருத்திக்குக்கூட அந்தப் பள்ளிவாசலில் கால் வைக்க இடம் கிடையாது. அப்படி ஆனதற்கு அவருடைய ஒரு வரியும் காரணம். அழுகை நின்று, அதைவிட மோசமான ஒன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. வெட்கம்.

"நான் போனா," என்றார் வாஷர், குரலைச் சரிசெய்துகொண்டு, "எனக்கும் நீ தொழணும். யார் தொழ வச்சாலும் சரி, நீயும் இருக்கணும்."

மகள் அடுத்த துணியைக் கையில் எடுத்தாள்.

"எங்க நின்னு, வாப்பா?" என்றாள்.

பதில் அவருக்குத் தெரியும். அதைச் சொல்லவேண்டுமானால் வெள்ளிக்கிழமை, அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று, முதலில் அந்த ஒரு வரி பொய் என்று சொல்லியாகவேண்டும். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.