ஆறாத கவர்கள்

இந்தியத் தொழில்துறை வரலாற்றின் பொன் அத்தியாயம் ஒன்று 2006 மார்கழியில், ஓசூர் பாகலூர் சாலையில், தன்னுடைய ஆலையில்தான் எழுதப்பட்டது என்று சொல்லக் கங்கப்பன் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. ஆலை என்பது தகரக் கூரைக்குக் கீழே இருந்த சில பிரஸ் மிஷின்கள். அவை ஸ்கூட்டருக்கு வாஷர் வெட்டின. அத்தியாயம் என்பது, அங்கே லேசர் பிரிண்டரில் முகவரி அச்சடித்த கவர்கள் சூடாக வெளியே வந்து, பிறகு ஆறவே இல்லை என்பது.

கம்பெனியின் பத்தாம் ஆண்டு விழாவுக்கு அழைப்பிதழ் போக வேண்டியிருந்தது. கையால் முகவரி எழுதினால் சைக்கிள் கடை என்று நினைத்துவிடுவார்கள் என்பது கங்கப்பனின் கருத்து. ஆகவே பெங்களூரிலிருந்து ஒரு பழைய லேசர் பிரிண்டர் வந்தது. அதற்குக் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்த பிறகு, ஆபீஸ் வேலை பார்த்த பூங்கொடி கவர்களை ஒவ்வொன்றாக அதற்குள் செருகினாள். பூங்கொடி விருதுநகர்ப் பக்கத்துப் பெண், டெம்பரரி. விழா மேடையில் அவளைப் பர்மனென்ட் ஆக்குவதாகக் கங்கப்பன் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் மகனை ஓசூரிலேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தாள். நடக்காவிட்டால் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவள் அங்கேயே இருந்துவிட வேண்டியதுதான். பிரிண்டரின் சூட்டில் மூடியிலிருந்த பசை உருகி, ஒவ்வொரு கவரும் தானாக ஒட்டிக்கொண்டே வெளியே வந்தது. பக்கத்தில் நின்ற கங்கப்பன், வருகிற பெயர்களையெல்லாம் அர்ச்சனைக்குச் சொல்வதுபோல உரக்க வாசித்துக்கொண்டிருந்ததில் அவள் இதைக் கவனிக்கவில்லை. கடைசிக் கவர் வந்தபோது, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அழைப்பிதழ்கள் கட்டுப் பிரிக்காமல் அவள் மேசையில் இருந்தன.

"சார், இந்தக் கவருக்குள்ள..."

"அப்புறம் சொல்லும்மா. ராவுகாலம் வந்துடும்."

கவர்களை அள்ளிக்கொண்டு அவரே தபாலாபீசுக்குப் போனார். காலிக் கவர்கள் நல்ல நேரத்தில் புறப்பட்டன. பூங்கொடி அழைப்பிதழ்க் கட்டை டிராயருக்குள் தள்ளினாள்.

தபால்காரர் எல்லப்பன் முதுகில் தொங்கிய பையின் சூட்டில், அவருடைய பலவருட முதுகுவலி பாகலூர் போய்ச் சேருவதற்குள் தீர்ந்துவிட்டது. மருத்துவ விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருந்ததால் அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஓசூர்க் குளிரில் இட்லி மாவு பொங்காது. தெற்கேயிருந்து ஆலை வேலைக்கு வந்த குடும்பத்தினர் சம்பளத்தைப் பற்றிய குறையைக்கூட அதற்குப் பிறகுதான் சொல்வார்கள். கவர் போன ஒரு வீட்டில் அதை மாவுச் சட்டிக்கு அடியில் வைத்துப் பார்த்தார்கள். விடிந்தபோது மாவு மூடியைத் தள்ளிவிட்டு அடுப்பு மேடையில் வழிந்திருந்தது. அதன் பிறகு எந்த வீட்டிலும் கவரைப் பிரிக்கவில்லை. பிரித்தால் சூடு போய்விடும் என்றார்கள். பேரிகைக் கிராமத்தில் ராமப்பன் என்கிற காண்ட்ராக்டர் மட்டும் பிரித்தார். கவர் ஒரு பெருமூச்சு விட்டுச் சில்லிட்டுப் போனது, உள்ளே ஒன்றுமில்லை. தன்னை அவமானப்படுத்தவே காலிக் கவர் வந்திருக்கிறது என்று முடிவு செய்து, அவமானத்தை வெளியே சொல்லாமல் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் கம்பெனி கேட்டில் பெண்கள் வரிசை கட்டினார்கள். முன்னால் நின்றவள் காவேரி, ஒரு வெல்டரின் மனைவி.

"எங்க பேருக்கும் ஒண்ணு அடிச்சுக் குடும்மா. கம்பெனி பஸ்சு ஆறரைக்கே வந்து நிக்குது, மாவு பத்து மணிக்குத்தான் கண்ணு முழிக்குது."

"உள்ள ஒண்ணும் இருக்காதுக்கா."

"உள்ள என்னத்துக்கு? இட்லிக்குப் படிக்கவா தெரியும்?"

ஜன்னல் வழியாக வரிசையைப் பார்த்த கங்கப்பனுக்குக் கண் கலங்கியது. "பாத்தியாம்மா, விழாவுக்குக் கூப்பிடுங்கன்னு ஜனமே வந்து அட்ரஸ் குடுக்குது" என்றவர், பந்தல்காரருக்குப் போன் போட்டு நாற்காலிகளைக் கூட்டச் சொன்னார். தினமும் காலையில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று பூங்கொடி வந்தாள். தினமும் அதற்குள் தலைமை விருந்தினரின் பதவி ஒரு படி உயர்ந்திருந்தது. வட்டத்தில் தொடங்கியவர் மாவட்டத்தைத் தாண்டியபோது அவளுக்கு வாய் முற்றிலும் அடைத்துவிட்டது.

விழா அன்று பந்தல் இருந்தது, நாற்காலிகள் இருந்தன, ஆள் இல்லை. தேதி அழைப்பிதழில் இருந்தது, அழைப்பிதழ் டிராயரில் இருந்தது. தலைமை விருந்தினருக்குப் போனதும் காலிக் கவர்தான். பட்டு வேட்டியில் மேடைமேல் தனியாக உட்கார்ந்திருந்த கங்கப்பன், மைக்கில் ஹலோ ஹலோ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பூங்கொடிக்கு அது பொறுக்கவில்லை. வேலை போனால் போகிறது என்று மேடை ஏறினாள்.

"சார், கார்டு ஒண்ணுகூடப் போகலை. கவரெல்லாம் தானா ஒட்டிக்கிருச்சு. சொல்லணும்னுதான் இருந்தேன், பயமா இருந்துச்சு."

"அப்ப தினம் வந்து நின்னாங்களே, அவங்கெல்லாம்?"

"மாவு பொங்குறதுக்கு சார்."

மைக்கை யாரும் அணைக்கவில்லை. அன்றைய வரிசைக்குக் கேட்டில் நின்றவர்கள் எல்லாவற்றையும் கேட்டார்கள். "பாவம், மனுசன் பட்டு வேட்டியெல்லாம் கட்டிக்கிட்டு ஒத்தையா உக்காந்திருக்காரு. வாங்கடி" என்று காவேரி முன்னால் நடந்தாள். பழைய கவர் இருந்தவர்கள் அதை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டதால் குளிரவில்லை. கங்கப்பனின் உரை முழுவதையும் இருந்து கேட்டார்கள். அவர் பேச்சை வீட்டில்கூட யாரும் அவ்வளவு நேரம் கேட்டதில்லை. முடிவில், பூங்கொடி இன்று முதல் பர்மனென்ட் என்று அறிவித்தார். பிறகு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "நீ சொல்ல வந்தே, நாந்தான் கேக்கல" என்றார்.

அதன் பிறகு மார்கழிதோறும் கவர் அச்சடிப்பது கம்பெனியின் வழக்கமாயிற்று. 2008 பொருளாதார மந்தத்தில் வாஷர் ஆர்டர் நின்றபோதும் அது நிற்கவில்லை. ஓசூரில் யாரும் காரணம் கேட்கவில்லை. வீடு மாற்றுகிறவர்கள் கேஸ் அடுப்போடு கவரையும் எடுத்துப் போனார்கள். பூங்கொடியின் மகன் ஓசூரிலேயே படித்தான். பர்மனென்ட் உத்தரவை, மரியாதைக்காக, கங்கப்பன் தானே ஒற்றை விரலால் டைப் அடித்துக் கொடுத்திருந்தார். அந்த ஆலையில் அதற்கு முன் யாரும் பர்மனென்ட் ஆனதில்லை என்பதால், பக்கத்து ஸ்பிரிங் கம்பெனியின் உத்தரவு ஒன்றை வாங்கி வந்து, பார்த்து அடித்தார். கம்பெனிப் பெயரை மாற்ற மறந்துவிட்டார்.